தைராய்டு புற்றுநோய்: பாதியா, முழுசா? திசுவைப் பார்த்து முடிவு செய்வது எப்படி?

தென்றல்வாசு

வணக்கம். அக்காவுக்கு 41 வயது. கழுத்தின் வலது பக்கம் தைராய்டுக் கட்டி, ஸ்கேனில் 2.4 செ.மீ. ஊசி போட்டு எடுத்த எஃப்.என்.ஏ.சி.யில் பெதஸ்டா 6 (ஊசிச் செல்களைத் தரம் பிரிக்கும் அளவுகோலில் கடைசிப் படி), பாப்பில்லரி கார்சினோமா என்ற புற்றுநோய் என்று வந்திருக்கிறது. கழுத்தில் நெறி கட்டியதாக ஸ்கேனில் எதுவும் இல்லை. இடது பாதி சுத்தம். குரலிலும் மாற்றம் இல்லை.

முதலில் பார்த்த சர்ஜன், வலது பாதியை மட்டும் எடுப்போம், திசு ரிப்போர்ட் வந்த பிறகு மீதியைப் பற்றிப் பேசலாம் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர் முழுசா எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார். வீட்டில் எல்லாரும் இரண்டாவது கட்சி. "புற்றுநோய்னு தெரிஞ்ச அப்புறம் பாதியை எதுக்கு விட்டு வைக்கணும்?" என்று மாமா கேட்கிறார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திசுவில் எதைப் பார்த்து பாதி, முழுசு என்று முடிவு செய்கிறார்கள்? அதை ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே பார்க்க முடியாதா?

நுண்ணோக்கி

நான் பேத்தாலஜிஸ்ட், திசுவைப் பார்த்து நோயைச் சொல்வது என் வேலை. உங்கள் கடைசிக் கேள்வியில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஊசியில் வருவது செல்கள் மட்டும். பாப்பில்லரி புற்றுநோயைக் கண்டுபிடிக்க அது பெரும்பாலும் போதும், ஏனென்றால் இந்த நோயின் அடையாளம் செல்லின் உட்கருவிலேயே இருக்கிறது. உட்கரு பெரிதாகி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, காப்பிக்கொட்டையில் இருப்பதைப் போல நடுவே ஒரு கோடு விழுந்திருக்கும். சிலவற்றில் உட்கருவுக்குள் ஒரு வெளிர் வட்டம் தெரியும், ஓட்டை போட்டது போல. இவை சேர்ந்து தெளிவாகத் தெரிந்தால்தான் பெதஸ்டா 6 என்று எழுதுவோம். அப்படி எழுதியதில் நூற்றுக்கு 97 அளவில் உறுதியாகிறது. ஆக அக்காவின் நோய் எது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த நோய் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி. கட்டி உறையை உடைத்ததா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்ததா, தைராய்டைத் தாண்டிப் பக்கத்துக் கொழுப்பிலோ தசையிலோ இறங்கியதா, எந்த உட்பிரிவு, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, நடுவில் செத்துப்போன திசு இருக்கிறதா. இவை எல்லாம் திசுவின் அமைப்பில் இருப்பவை. முழுக் கட்டியும் அதன் ஓரமும் என் மேசைக்கு வந்தால்தான் தெரியும். அதாவது, சர்ஜன் கத்தியை எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புவதில் பாதிக்கு மேல், அவர் கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் தெரியவரும். முதல் சர்ஜன் 'ரிப்போர்ட் வந்த பிறகு பேசலாம்' என்றது இதனால்தான். மழுப்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விடாக்கண்டன்

மழுப்பல் இல்லை என்றால், இரண்டு தடவை கழுத்தைத் திறக்கும் வாய்ப்பை நோயாளி தலையில் கட்டுவது என்ன? ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திசுவை நிதானமாகப் படிக்கலாமே.

கீறல்

தலையிலும் கழுத்திலும் அறுவை செய்பவன் நான். விடாக்கண்டன் கேட்பது நியாயமான கேள்வி. என் அறையில் தினமும் யாராவது கேட்பதுதான்.

முழு தைராய்டையும் எடுப்பது என்றால் இரண்டு பக்கக் குரல் நரம்பும் என் கருவிக்குப் பக்கத்தில் வருகின்றன. நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகளும் ஆபத்து எல்லைக்குள் வருகின்றன. பாராதைராய்டு ஒவ்வொன்றும் ஒரு பருப்பு அளவுதான், கொழுப்பின் நிறத்திலேயே இருக்கும், அதன் ரத்த ஓட்டம் மயிரிழை போன்ற குழாயில். நான்கும் அடிபட்டால் வாழ்நாள் முழுக்கக் கால்சியமும் வைட்டமின் டி மாத்திரையும்தான். பாதி எடுக்கும்போது மறுபக்கத்தை நான் தொடுவதே இல்லை. அந்தப் பக்க நரம்பும் இரண்டு பாராதைராய்டும் அப்படியே இருக்கும். நிரந்தரக் கால்சியம் குறைபாடு லோபெக்டமியில், அதாவது பாதி எடுப்பதில், ஏறக்குறைய வராது என்றே சொல்லலாம். முழுசா எடுத்தவருக்குத் தைராக்சின் மாத்திரை உறுதி. பாதி எடுத்தவர்களில் பலருக்கு மாத்திரையே வேண்டியிருக்காது.

இதற்கெல்லாம் ஈடாக முழுசா எடுப்பதில் கிடைக்கும் லாபம் என்ன என்று பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் தைராய்டுச் செல்களை அழிக்கும் கதிரியக்க மருந்தான ரேடியோ அயோடின் கொடுக்க வேண்டுமானால் முழுசும் போயிருக்க வேண்டும். தைராய்டுச் செல்கள் மட்டும் உருவாக்கும் தைரோகுளோபுலின் புரதத்தின் ரத்தப் பரிசோதனையை வைத்துக் கண்காணிப்பதும் எளிது. சரி, ஆனால் ரேடியோ அயோடினே தேவைப்படாத நோயாளிக்கு அந்த லாபம் எதற்கு?

அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், 1 முதல் 4 செ.மீ. வரை, தைராய்டுக்கு வெளியே பரவல் தெரியாத, நெறி தெரியாத கட்டிக்குப் பாதியும் சரி, முழுசும் சரி என்று சொன்னது. 4-க்கு மேல், அல்லது வெளியே பரவல் கண்ணுக்கே தெரிகிறது, அல்லது நெறி தெரிகிறது என்றால் முழுசு. 2025-இல் வந்த புதிய வழிகாட்டுதலிலும் இந்த அளவுக்குப் பாதி என்ற வழி திறந்தேதான் இருக்கிறது. அக்காவின் 2.4 நடுவில் நிற்கிறது. இரண்டு சர்ஜனும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் 'நிம்மதி' என்பதை ஒரு மருத்துவக் காரணமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

விடாக்கண்டன்

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஊசியில் வந்த செல்லிலேயே மரபணுச் சோதனை செய்து கட்டியின் குணத்தைத் தெரிந்துகொள்ளலாமே? பி.ராஃப் என்று ஒன்று இருக்கிறதே. அது பாசிட்டிவ் என்றால் முழுசு, நெகட்டிவ் என்றால் பாதி. முடிந்தது.

நுண்ணோக்கி

அப்படி முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

பி.ராஃப் வி600ஈ மாற்றம் பாப்பில்லரி புற்றுநோயில் சுமார் 60 சதவீதம் பேருக்கு இருக்கிறது. அந்த 60 பேரில் பெரும்பாலோர் சாதாரணமாகக் குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இருக்கும் ஒரு அடையாளத்தை வைத்து யார் போக்கிரி என்று பிரிக்க முடியாது. பி.ராஃப் மட்டும் இருக்கிறது என்பதற்காக முழு தைராய்டையும் எடுப்பது பெரும்பாலோர் ஏற்கும் காரணம் இல்லை.

அதோடு டெர்ட் என்ற மரபணுவை இயக்கும் பகுதியில் வரும் டெர்ட் புரமோட்டர் மாற்றமும் சேர்ந்திருந்தால் கதை வேறு. பாப்பில்லரியில் பத்தில் ஒருவருக்கு அருகில் இது இருக்கும். இரண்டும் சேர்ந்த கட்டிகள் திரும்ப வருவதும் பரவுவதும் கூடுதல் என்பது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். டெர்ட் முன்கூட்டியே தெரிந்தால் நான் சர்ஜனுக்குப் போன் செய்வேன்.

மரபணுச் சோதனையின் உண்மையான இடம் பெதஸ்டா 3, 4. புற்றுநோயா இல்லையா என்றே தெரியாத கட்டிகள் அவை. அஃபிர்மா, தைரோசெக் போன்ற சோதனைகள் அங்கே நெகட்டிவ் என்று சொன்னால், வெறும் சந்தேகத்துக்காக நடக்கும் ஆப்பரேஷனைத் தவிர்க்கலாம். அக்கா ஏற்கெனவே 6. அவருக்கு அது பெரிதாக எதையும் மாற்றாது.

மாலினி

என் அனுபவத்தைச் சொல்லலாமா? எனக்கு பெதஸ்டா 4, ஃபாலிகுலர் நியோபிளாசம். பாதி எடுத்தார்கள். ஆப்பரேஷன் மேசையிலேயே, திசுவை உறைய வைத்து உடனுக்குடன் சோதிக்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் பார்ப்போம், புற்றுநோய் என்றால் அப்போதே மீதியையும் எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். கண் விழித்ததும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே "பாதியா முழுசா?" என்றுதான். "ஃப்ரோசனில் சொல்ல முடியவில்லை, முழு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும்" என்றார்கள். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. முடியாது என்று முன்பே சொல்லியிருந்தால் மனதைத் தயார் செய்திருப்பேனே.

ரிப்போர்ட் வந்தபோது ஃபாலிகுலர் கார்சினோமா, உறைக்குள் இருப்பது, ஆனால் ரத்தக் குழாய் ஊடுருவல் பல இடங்களில். மறுபடியும் உள்ளே போய் மீதியை எடுத்தார்கள். அப்புறம் ரேடியோ அயோடின். இரண்டாவது ஆப்பரேஷனுக்குப் பிறகு உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது, கால்சியம் குறைந்ததால். சில வாரங்களில் சரியாகிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன்.

என் கேள்வி இதுதான் டாக்டர்: கட்டியையே கையில் வைத்துக்கொண்டு ஏன் சொல்ல முடியவில்லை?

நுண்ணோக்கி

மாலினி, உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் வகைக் கட்டிக்கு ஃப்ரோசன் பெரும்பாலும் உதவாது என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். அதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஃபாலிகுலர் கட்டியில் சாதுவான அடினோமாவின் செல்லும் புற்றுநோயின் செல்லும் ஒரே ஜாடை. ஒரே வித்தியாசம், உறையைத் தாண்டியதா, உறையில் ஓடும் குழாய்க்குள் புகுந்ததா என்பது. சுவர் ஏறிக் குதித்தானா என்பதை ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சுவரைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். ஃப்ரோசனில் கட்டியின் ஓரத்தில் ஒன்றிரண்டு துண்டைத்தான் உறைய வைத்து வெட்டிப் பார்க்க நேரம் இருக்கும். சுவரின் மற்ற பக்கங்கள் பார்க்கப்படாமலேயே இருக்கும்.

முழு ரிப்போர்ட்டில் நாங்கள் செய்வது வேறு. கட்டியின் வெளிப்புறத்துக்கு மை பூசுவோம், எது ஓரம் என்று பிறகு தெரிய வேண்டுமே. ஃபார்மலினில் ஊற வைத்து, அப்பம் அப்பமாக வெட்டி, உறையும் கட்டியும் சந்திக்கும் ஓரம் முழுவதையும் துண்டு துண்டாக மெழுகில் பதிப்போம். ஒவ்வொரு மெழுகுக் கட்டியிலிருந்தும் 4 மைக்ரான் அளவுக்கு மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடு ஸ்லைடாக ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடப்போம். ஒரு இடத்தில் கட்டி காளான் மாதிரி உறையைத் துளைத்து வெளியே குடை விரித்திருந்தால் அது ஊடுருவல். குழாய்க்குள் கட்டிச் செல்கள் குவியலாக இருந்து, மேலே உட்சுவர்ச் செல்கள் போர்த்தியிருந்தாலோ ரத்தக்கட்டி ஒட்டியிருந்தாலோ அது குழாய் ஊடுருவல். பழைய ஊசி போன தடம் இருக்குமே, அதிலும் உறை கிழிந்து கட்டி பிதுங்கி நிற்கும், பார்த்தால் ஊடுருவல் மாதிரியே தோன்றும். பழைய ரத்தக் கசிவின் துரு நிறத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்வோம். இதெல்லாம் ஒரு ஆப்பரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது செய்கிற வேலையா?

குழாய்களின் எண்ணிக்கையும் முக்கியம். 4-க்குக் குறைவு என்றால் ஒரு தட்டு, 4 அல்லது அதற்கு மேல் என்றால் வேறு தட்டு. ஃபாலிகுலர் நோய் ரத்த வழியாகத்தான் நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகும். மீதியை எடுத்து ரேடியோ அயோடின் கொடுத்தது அதனால்தான்.

இன்னொன்று, பாப்பில்லரியிலும் ஃப்ரோசன் நினைத்த அளவுக்கு உதவாது. வெளிறிப்போன உட்கரு என்று பாடத்தில் படிக்கிறோமே, அந்த வெளிறல் ஃபார்மலினில் ஊறியதால் வருவது. உறைய வைத்த திசுவில் அது இருக்காது.

கீறல்

நான் ஃப்ரோசனைப் பெரும்பாலும் கட்டிக்குக் கேட்பதில்லை. நெறிக்குத்தான் கேட்பேன். மூச்சுக்குழாயை ஒட்டி ஒரு நெறி கருப்பாக, கெட்டியாகத் தெரிந்தால் எடுத்து அனுப்புவேன். அதில் புற்றுநோய் என்று பதில் வந்தால் நடுக்கழுத்து நெறிகளைச் சுத்தம் செய்வதும், மறுபாதியை எடுப்பதும் அப்போதே முடிவாகிவிடும். நோயாளியிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தால் மட்டும். பக்கக் கழுத்தில் சந்தேக நெறி இருந்தால் ஆப்பரேஷனுக்கு முன்பே ஊசி போட்டு, ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் பார்ப்போம். நெறிக்குள் தைராய்டுப் புரதத்துக்கு வேலையே இல்லை, இருந்தால் விடை தெரிந்துவிட்டது.

சுந்தரபாண்டி

ஆளாளுக்கு வெட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜப்பானில் இதை வெட்டாமலே விட்டுவிடுகிறார்கள் என்று படித்தேன். கொரியாவில் ஸ்கேன் பண்ணி ஸ்கேன் பண்ணி ஊர் முழுக்கத் தைராய்டை எடுத்தார்களாம், ஒருத்தரும் கூடுதலாகப் பிழைக்கவில்லையாம். எல்லாம் வியாபாரம்.

கீறல்

பாதி சரி. கோபேயில் உள்ள கூமா மருத்துவமனையில் 1993 முதல், 1 செ.மீ.க்கு உட்பட்ட, பரவல் அடையாளம் இல்லாத பாப்பில்லரி கட்டிகளை வெட்டாமல் கண்காணித்து வருகிறார்கள். மியாவுச்சி என்பவர் முன்வைத்த யோசனை. பத்து ஆண்டில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவை 8 சதவீதம் அளவில்தான். கொரியாவில் 1993-க்கும் 2011-க்கும் இடையில் கண்டுபிடிப்பு 15 மடங்கு ஆனது, இறப்பு எண்ணிக்கை அசையவில்லை. இரண்டும் உண்மை.

ஆனால் இங்கே கட்டி 2.4 செ.மீ. ஜப்பான் கணக்கு இதற்குப் பொருந்தாது. வியாபாரம் பற்றி வேறு இழை தொடங்குங்கள், அங்கே நானும் வருகிறேன்.

இளவேனில்

என் அப்பாவுக்கு 2012-இல் முழுசா எடுத்தார்கள். உறைக்குள் அடங்கிய ஃபாலிகுலர் வகை பாப்பில்லரி என்று ரிப்போர்ட். ஒவ்வொரு வருடமும் புற்றுநோய் பயத்தோடுதான் செக்கப் போகிறார். அது இப்போது புற்றுநோயே இல்லை என்று பெயரை மாற்றிவிட்டதாக ஒருவர் சொன்னார். உண்மையா?

நுண்ணோக்கி

உண்மை, ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. 2016-இல் யூரி நிகிஃபோரோவ் தலைமையில் பல நாட்டுப் பேத்தாலஜிஸ்ட்கள் சேர்ந்து, உறை முழுசாக இருந்து, எங்கும் ஊடுருவல் இல்லாமல், பாப்பில்லரி உட்கரு மட்டும் இருக்கும் அந்த வகைக்கு நிஃப்ட்பி என்று புதுப் பெயர் வைத்தார்கள். பெயரிலிருந்து கார்சினோமா என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பாதி எடுத்தாலே போதும், ரேடியோ அயோடின் தேவையில்லை.

அப்பாவின் பழைய ஸ்லைடுகள் இருந்தால் மறுவாசிப்புக்குக் கொடுங்கள். ஒரு நிபந்தனை: உறையின் ஓரம் முழுவதும் அப்போது பதிக்கப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு மூன்று துண்டு மட்டும் எடுத்திருந்தால், ஊடுருவல் இல்லை என்று இன்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது.

மாலினி

மெடுல்லரி பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள் டாக்டர். என் வார்டில் பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு அது. அவருக்குப் பாதி முழுசு என்ற பேச்சே வரவில்லை.

கீறல்

வராது. மெடுல்லரி என்றால் முழுசும், நடுக்கழுத்து நெறிகளும் சேர்த்துத்தான். அது வேறு செல்லிலிருந்து வருவது, ரேடியோ அயோடினை ஏற்காது, முதல் அறுவையில் சுத்தம் செய்வதுதான் பெரிய வாய்ப்பு. நான்கில் ஒன்று பரம்பரை, அதனால் ரெட் மரபணுவைக் குடும்பத்துக்கே பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், கத்தி வைக்கும் முன் அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி ஆளே போய்விடலாம். ஊசிச் செல்லுக்குக் கால்சிடோனின் (மெடுல்லரி செல்கள் சுரக்கும் ஹார்மோன்) சாயம் போட்டுப் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் இங்கே உயிரைக் காப்பாற்றுகிறார், மிகையில்லை.

தென்றல்வாசு

எல்லாருக்கும் நன்றி. மேலே உள்ளதை எல்லாம் அக்காவும் படித்தாள். "பாதி போதும், ஆனால் உள்ளே போன பிறகு என்ன பார்த்தால் முழுசாக்குவீர்கள் என்று முன்பே எழுதிக் கொடுங்கள்" என்று சர்ஜனிடம் அவளே பேசினாள். அவர் சிரித்துக்கொண்டே எழுதியும் கொடுத்தார்: கட்டி தசையிலோ நரம்பிலோ ஒட்டியிருந்தால், அல்லது நெறி ஃப்ரோசனில் பாசிட்டிவ் என்றால். இரண்டும் நடக்கவில்லை. ஒட்டியிருந்த சில நெறிகள் கட்டியோடு சேர்ந்து வந்தன. குரல் நன்றாக இருக்கிறது.

இப்போது ரிப்போர்ட் கையில். அப்படியே எழுதுகிறேன்: பாப்பில்லரி கார்சினோமா, கிளாசிக் வகை, 2.2 செ.மீ., ஒரே கட்டி. உயர்செல் பகுதி சுமார் 10%. ஓரம் சுத்தம். தைராய்டைச் சுற்றிய கொழுப்பில் நுண்ணிய ஊடுருவல் உண்டு. ரத்தக் குழாய் ஊடுருவல் இல்லை. திசு அழிவு இல்லை. 6 நெறிகளில் 2-இல் நோய், பெரியது 1.5 மி.மீ., நெறியின் உறைக்கு வெளியே பரவல் இல்லை. சுற்றியுள்ள தைராய்டில் ஹஷிமோட்டோ அழற்சி.

மாமா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். 'கொழுப்பில் ஊடுருவல்' என்ற வரி அவர் கண்ணில் பட்டுவிட்டது.

நுண்ணோக்கி

நல்ல ரிப்போர்ட். எழுதியவர் கவனமாகப் பார்த்திருக்கிறார், எது இல்லை என்பதையும் எழுதியிருக்கிறார்.

நெறிகளில் ஐந்து வரை, ஒவ்வொன்றும் 2 மி.மீ.க்குள் என்றால் அதைத் தாழ்ந்த அபாயத்தில்தான் வைக்கிறோம். 3 செ.மீ. நெறி என்றால் அது நேரே உயர்ந்த அபாயம். நெறியில் நோய் என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது. 1.5 மி.மீ. படிவு நெறிகளை எடுக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது.

எனக்கு உறுத்துவது அந்த 10% உயர்செல். அகலத்தைப் போல மூன்று மடங்காவது உயரம் உள்ள செல்கள் 30 சதவீதம் இருந்தால்தான் 2022 உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டில் உயர்செல் உட்பிரிவு என்று பெயர் வைக்கலாம். அக்காவுக்கு அந்தப் பெயர் இல்லை. ஆனால் 10-க்கும் 30-க்கும் நடுவில் இருப்பவை முழுச் சாது என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் சதவீதத்தை எழுதச் சொல்கிறோம். 10 என்பதும் ஒருவர் கண் மதிப்பு, இன்னொருவர் பார்த்தால் 25 என்பார். மறுவாசிப்பு தேவை.

கீறல்

நுண்ணோக்கியோடு இதில் எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. 10% உயர்செல்லுக்காக மறுபடி கழுத்தைத் திறக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மறுவாசிப்பு செய்யுங்கள், சரி. 30-ஐத் தாண்டினால் பேசலாம்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன், அவர் பிடித்த வரி சும்மா இல்லை. மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரியும் இந்த வெளிப்பரவல் விஷயத்தில் இரண்டு கணக்கு இருக்கிறது. நோயின் நிலையைச் சொல்லும் ஏ.ஜே.சி.சி. 8-ஆம் பதிப்பு, 2018 முதல் நடைமுறையில் உள்ளது, அதை நிலைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது. சர்ஜன் கண்ணுக்குத் தெரியும் அளவில் தசைக்குள் போனால்தான் அங்கே கணக்கு. அதே பதிப்பு வயது எல்லையையும் 45-லிருந்து 55-க்கு உயர்த்தியது. அதன்படி 41 வயது அக்கா, தூரப் பரவல் இல்லாதவரை, முதல் நிலை. ஆனால் 2015 தைராய்டு சங்கக் கணக்கு அதே நுண்ணிய ஊடுருவலை நடுத்தர அபாயம் என்கிறது. எது பொய்? இரண்டும் இல்லை. முதலாவது நோயால் இறப்பாரா என்று அளக்கிறது, இரண்டாவது நோய் திரும்புமா என்று அளக்கிறது. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குடும்பங்கள் பயப்படுவதில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் குழப்புவதால்.

2.2 செ.மீ., சுத்தமான ஓரம், குழாய் ஊடுருவல் இல்லை, மிகச் சிறிய நெறிப் படிவு. நான் மீதியைத் தொட மாட்டேன். கழுத்து அல்ட்ராசவுண்டை ஒழுங்காகப் பார்ப்பேன்.

விடாக்கண்டன்

ஆக ஒரே ரிப்போர்ட்டை இரண்டு டாக்டர் படித்தால் இரண்டு அழுத்தம். நோயாளி யாரை நம்புவது?

நுண்ணோக்கி

எங்களுக்குள் உள்ள தூரம் அவ்வளவு இல்லை. இப்போதைக்கு மீதியை எடுக்க வேண்டாம் என்பதில் நானும் அவரோடுதான். எதற்குக் கண் வைக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். இதே ரிப்போர்ட்டில் 'திசு அழிவு உண்டு' என்றோ, '2 சதுர மி.மீ.க்கு 5 செல்பிரிவு' என்றோ இருந்திருந்தால் அது உயர்தர வகைக்குள் போயிருக்கும், கீறலும் நானும் ஒரே குரலில் முழுசா எடுங்கள் என்று சொல்லியிருப்போம்.

மாலினி

ஹஷிமோட்டோ என்று போட்டிருக்கிறதே, அது கெடுதலா?

கீறல்

உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் அழற்சி அது. புற்றுநோய்க் கணக்கில் கெடுதல் இல்லை. ஆனால் இரண்டு தொந்தரவு உண்டு. மீதிப் பாதி சோர்ந்துவிட வாய்ப்பு அதிகம், ஆகவே டி.எஸ்.எச். (தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மாத்திரை தேவைப்படலாம். அப்புறம், ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு நடுக்கழுத்து நெறிகள் சும்மாவே வீங்கி நிற்கும். அடுத்த ஸ்கேனில் 'நெறி பெரிதாக இருக்கிறது' என்று வந்தால் உடனே அலற வேண்டாம் என்று மாமாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நெறியின் உருவம், உள்ளே புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு, நீர்ப்பை, இதைப் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தென்றல்வாசு

மாமாவிடம் படித்துக் காட்டினேன். "சரி, ரெண்டு டாக்டரும் வேண்டாம்னு சொன்னா நான் எதுக்கு வேணும்னு நிக்கணும்" என்றார். மறுவாசிப்புக்குக் கொடுக்கப் போகிறோம். ஸ்லைடு மட்டும் கேட்டு வாங்கினால் போதுமா?

நுண்ணோக்கி

ஸ்லைடோடு மெழுகு பிளாக்கும் கேளுங்கள். எல்லாவற்றையும் தர மாட்டார்கள், தரவும் கூடாது, அது அவர்கள் ஆவணம். உயர்செல் அதிகம் தெரிந்த பிளாக் ஒன்று, கொழுப்பில் ஊடுருவல் தெரிந்த பிளாக் ஒன்று என்று எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். எண் ரிப்போர்ட்டின் கடைசியில் இருக்கும். டெர்ட் பார்க்க வேண்டும் என்று முடிவானால் அந்த பிளாக்கிலிருந்துதான் சீவி எடுக்க வேண்டும், சாயம் ஏற்றிய ஸ்லைடை மட்டும் கொண்டு போனால் மறுபடி உங்களை அலைய விடுவார்கள். எடுத்துப் போகும்போது வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.